கல்கத்தா நடையும் நாற்பத்தேழு சாமான்களும்

1953 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். ஐந்துக்குக் குளியல், ஐந்தேகாலுக்கு நான்கு இட்லி, ஐந்தரைக்கு நாட்குறிப்பு. சரியாக ஆறு மணிக்கு இராயபுரத்திலிருந்து கல்கத்தாவுக்கு நடக்கத் தொடங்கினேன்.

கரையோரமாக ஆயிரம் மைலுக்கு மேல். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக எட்டு வருடம் இருந்து சேர்த்த விடுப்பு, அறுபது நாள். அலுவலகத்தில் மாலை போட்டு வழியனுப்பியிருந்தார்கள். (அந்த மாலை வாடுவதற்குள் ஊர் திரும்பிய யாத்ரீகன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) முதுகில் பட்டாளத்துப் பழைய பை. நாற்பத்திரண்டு ராத்தல் எடை. உள்ளே நாற்பத்தேழு சாமான்கள், சட்டைப்பையில் அவற்றின் பட்டியல்.

கிளம்பும்போது வீட்டைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டேன். துறைமுக வழக்கப்படி பையின் வாயைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை குத்தினேன். முத்திரை இடுக்கியை அலுவலகத்தில் திருப்பித் தரும்படி, எதிர்வீட்டு ஜட்காக்காரர் காதர் பாயின் ஜன்னலில் வைத்துவிட்டு நடந்தேன்.

திருவொற்றியூரில் மணி எட்டேகால். காலில் மூன்று கொப்புளம். அகோரப் பசி. புளிசாதமோ முத்திரைக்குள் இருந்தது. சேருமிடத்துக்கு முன் முத்திரையை உடைப்பதானால் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது விதி. பையை எதிரே வைத்துக்கொண்டு பட்டினியாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு ஜட்கா வந்து நின்றது.

"இன்னா நைனா!" என்று காதர் பாய் குதித்து இறங்கினார். "பொஞ்சாதி கொயாய்ல தண்ணி புட்ச்சிகினு வர்றதுக்குள்ள வூட்டப் பூட்டிகினு கெளம்பிட்டியே! அந்தப் பொண்ணு கொடத்தோட தெருவுல நிக்குது!"

வண்டிக்குள் சரோஜா. மடியில் அதே குடம்.

எனக்குக் கல்யாணமாகி எழுபது நாள் ஆகியிருந்தது. அதில் நாங்கள் பேசியது "சாப்பாடு", "சரி" என்ற இரண்டு வார்த்தைகள்தான். எட்டு வருடத் தனிக்கட்டைப் பழக்கத்தில் கை தானாகப் பூட்டிவிட்டது.

சாவி பைக்குள் இருப்பதைச் சொல்லி, சாட்சி விதியையும் சொன்னேன்.

"பத்தலைன்னா குதிரையையும் சேத்துக்கோ," என்று காதர் பாய் இடுக்கியை எடுத்து முத்திரையை உடைத்தார்.

சாவி அடிவரை போயிருந்தது. சாமான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சரோஜா பட்டியலை வாங்கித் தலை முதல் கால் வரை படித்தாள்.

"நாப்பத்தேயு சாமான். ஊசிநூலு கூட கீது," என்றாள். பிறகு மெதுவாக, "நான் இல்லியே."

காதர் பாய் குதிரையின் லாடத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அறுபது நாள் கழித்துத் திரும்பினாலும் இவள் என்னிடம் இன்னொரு முறை இப்படிப் பேசமாட்டாள் என்று தோன்றியது.

"எண்ணூர் வரைக்கும் வர்றியா?" என்றேன்.

"அங்க இன்னா கீது?"

"தெரியாது. நடந்து பாக்கலாம்."

தெரியாத ஒன்றை நான் முன்மொழிந்தது அதுவே முதல் தடவை. பை ஜட்காவில் வீட்டுக்குப் போனது. புளிசாதத்தைப் பாதி பாதி தின்று, குடத்துத் தண்ணீரைக் குடித்து நடந்தோம். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதும், இட்லியே பிடிக்காது என்பதும் அந்த ஐந்து மைலில் தெரிந்தது. சாயங்கால ரயிலில் திரும்பினோம்.

கல்கத்தாவை இன்றுவரை பார்க்கவில்லை. மீதி விடுப்பில் காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று இருவருமாக நடந்தோம். இப்போதும் நான் வீட்டைப் பூட்டினால் என் மகள், "நைனா, அம்மாவ எண்ணியாச்சா?" என்பாள்.

எண்ணூரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை முதல் வேலையாக நான் காப்பி போட்டேன். சரோஜாவுக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று தெரியவில்லை. எழுப்பிக் கேட்டேன்.