ஊருக்கு எதிராக ஓட்டுப் போடாதவர்

"ஆமாம்" என்கிறவர்களுக்கு ஒரு கூடம், "இல்லை" என்கிறவர்களுக்கு இன்னொரு கூடம். "ஆமாம்" கூடத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான், தான் "இல்லை" என்று சொல்ல வந்தவர் என்பது கொலின் ஹெப்பிளுக்கு உறைத்தது.

பாவம், அவர் எம்.பி. ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓட்டெடுப்பு மணி அடித்தால் எழுந்து, முன்னால் போகிற கட்சிக்காரரின் முதுகைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதுவரை அவர் கற்ற வித்தை அது ஒன்றுதான். இன்றைக்கும் கால் பழக்கதோஷத்தில் முதுகின் பின்னாலேயே போய்விட்டது.

ஆனால் இன்றைக்கு அவர் கட்சி கொண்டுவந்திருப்பது சின்ன ஊர்களின் பிரசவ ஆஸ்பத்திரிகளை மூடும் மசோதா. கொலினின் ஊரான ஸ்கார்விக்கின் ஆஸ்பத்திரியும் அதில் அடக்கம். எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று வாசல் வாசலாகச் சத்தியம் செய்துதான் அவர் ஜெயித்திருந்தார். போதாக்குறைக்கு மனைவி ஜில்லியனுக்கு இது எட்டாம் மாதம்.

"மேடம், நான் அந்தப் பக்கம் போகணும்" என்றார், கட்சியின் கொறடா மோயிராவிடம்.

மோயிரா அவருடைய முழங்கையைப் பிடித்தார். "அந்தப் பக்கம், இந்தப் பக்கம்லாம் கிடையாது. நேரா நட."

"ஊர்ல வாக்குக் குடுத்திருக்கேன்."

"எல்லாரும்தான் குடுத்திருக்கோம். யாராவது அழறாங்களா பாரு."

கொலின் ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்தார். கூட்டம் தாண்டிப் போனதும் நைசாகத் திரும்பி ஓடிவிடலாம் என்பது திட்டம். கூட்டமும் தாண்டியது. ஓடினார். வாசலில் வெள்ளை டை கட்டிய வாயில்காவலர், கிழவர் எர்னஸ்ட், சாவியோடு நின்றிருந்தார்.

"பூட்டியாச்சு சார். இனிமே ஒரே வழிதான். அந்தக் கடைசியில எண்ணுறவங்க முன்னாடி போகணும். போனா 'ஆமாம்'."

"போகலேன்னா?"

எர்னஸ்ட் பக்கத்திலிருந்த கழிப்பறைக் கதவைப் பார்த்தார். கொலின் உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மூடியைப் போட்டு உட்கார்ந்ததும் சர் லயனல் தார்ப்பின் நினைவு வந்தது. கொலினுக்கு முன்னால் அந்தத் தொகுதியின் எம்.பி. அவர்தான். புது எம்.பி. முதல் பேச்சில் முந்தையவரைப் புகழ்ந்தாக வேண்டும் என்பது சபை மரபு. "இருபத்தாறு வருடங்களில் ஸ்கார்விக்குக்கு எதிராக ஒரு ஓட்டுகூடப் போடாதவர்" என்று கொலினும் உருக்கமாகச் சொல்லியிருந்தார். துறைமுகத்தில் அவர் பெயரில் இருக்கும் பெஞ்சிலும் இதே வாசகத்தைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். ஊரில் அப்பேர்ப்பட்ட பெயர் அவருக்கு.

டக், டக். கதவை ஏதோ உலோகத்தால் தட்டினார்கள்.

"சபாநாயகர் அனுப்பியிருக்கார். ஓட்டு ஏன் தாமதம்னு கேக்கறார். உள்ள யாரு?"

கதவுக்கடியில் ஒரு வாளின் நுனி தெரிந்தது. மரபுப்படி வாளோடு வரும் சபையின் காவல் அதிகாரி. கொலின் சத்தமில்லாமல் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அலறியது. அணைக்கப் போய் எடுத்துவிட்டார்.

"கொலின்! ஊரே இங்க பப்புல டிவி முன்னாடி உக்காந்திருக்கு. உன்னை எங்கயும் காணோமே?" ஜில்லியன்.

"வந்துட்டே இருக்கேன்மா."

"என்ன இப்படி எதிரொலிக்குது?"

"பழைய கட்டடம்."

"எனக்குப் பயமா இருக்குடா. ஆஸ்பத்திரிய மூடிட்டா, வலி வந்ததும் பனியில நாப்பது மைல் போகணும். சர் லயனல் இருந்தா இந்தக் கவலையே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. நீயும் அவரை மாதிரி இருப்பேல்ல?"

"இருப்பேன்" என்றார் கொலின். சட்டென்று அழைப்பைத் துண்டித்தார்.

வெளியே இருந்தவர் இருமினார். "வயித்துக் கோளாறா சார்?"

"ஆமா."

"அந்த 'ஆமா'வை ஓட்டா எடுத்துக்கலாமா?"

"ஐயோ, இல்ல! இல்ல!"

"அந்த ஓட்டெல்லாம் பக்கத்துக் கூடத்துல, சார்."

வாள் நகர்ந்து போயிற்று. கூடத்தில் வேறு யாரும் இல்லை என்று அவர் கத்துவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் சபைக்குள் ஒரே ஆரவாரம். பிறகு அமைதி.

மெதுவாகக் கதவைத் திறந்தார் கொலின். எர்னஸ்ட் மட்டும் நின்றிருந்தார்.

"என்னாச்சு?"

"நிறைவேறிடுச்சு சார். ஒரே ஓட்டு வித்தியாசம்."

கொலின் திரும்பப் போய் அந்த மூடியின் மேலேயே உட்கார்ந்தார். கைபேசி மறுபடி அடித்தது. திரையில் ஜில்லியனின் பெயர். எடுக்கத் தைரியமில்லை. அடித்து அடித்து அதுவாக ஓய்ந்தது.

"அவ முகத்துல எப்படி முழிப்பேன்? ஊருக்குள்ள எப்படி நடப்பேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் இடத்துல சர் லயனல் இருந்திருந்தா இப்படி ஒளிஞ்சிருப்பாரா, சொல்லுங்க?"

எர்னஸ்ட் கதவை மெல்லச் சாத்தப் போனவர், நின்று சொன்னார்:

"தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி கைய விட்டுப் பாருங்க சார், அவர் போட்டு உக்கார்ற குட்டி மெத்தை அங்கதான் இருக்கும். மணி அடிச்சா போதும், இருபத்தாறு வருஷமும் மனுஷன் இதே இடத்துலதான் உக்காந்திருந்தார்."