ஆணி அடிப்பதற்கு முன் படிக்கவும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் சுகம். தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளையும், என் மகளும், பேரனும் அங்கு சுகமா என்று நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. என் மனைவி தினமும் போனில் விசாரித்து, யாருக்குத் தும்மல் வந்தது என்பதுவரை எனக்குத் தெரிவித்துவிடுகிறாள். இருந்தாலும் முறை என்று ஒன்று இருப்பதால் கேட்டுவைக்கிறேன். நலம்தானே?

நாம் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் எழுதிக்கொள்வதில்லை என்று எப்போதும் முடிவானதில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை விதிமீறலாகக் கருத வேண்டாம். விஷயம் அவசரம். தங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டுவதற்காகத் தாங்கள் சுத்தியல் தேடிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. மாலையில் மாப்பிள்ளை இந்தப் பக்கம் வருவார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் சுத்தியல் கிடைத்திருந்தால், படித்து முடிக்கும் வரை அதைக் கீழே வைக்கவும். அந்தப் படத்தில் இருப்பது தாங்கள் இல்லை. நான்.

தங்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலிலிருந்து சொல்கிறேன்.

ஓய்வு பெற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று மற்ற வீடுகளில் புகார். நான் சும்மா இருக்கவில்லை என்பது எங்கள் வீட்டில் புகார். அடுக்களை டப்பாக்களை ஒருநாள் அகரவரிசையில் அடுக்கிவைத்தேன். மறுநாள் காபியில் உப்பு விழுந்தது. அதற்கும் அகரவரிசைக்கும் சம்பந்தம் இல்லை என்பதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி, “ஏங்க, கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலைன்னா, அடுப்பங்கரைக்கு வெளியில எங்கேயாவது வெச்சுக்குங்க” என்று சொல்லி, சலவைக்கடை மாடியில் நடக்கும் ஓவிய வகுப்புக்கு எனக்காகப் பணம் கட்டிவிட்டாள். டீச்சருக்கு என் மகள் வயதுதான். முதலில் ஒரு கூஜாவை வரையச் சொன்னார். பிறகு ஒரு ஆரஞ்சுப் பழம். இரண்டும் ஒன்றுபோலவே வந்ததில் அவருக்கு என்ன தோன்றியதோ, “அடுத்தது உங்க முகம் சார். கண்ணாடி முன்னாடி உட்காருங்க. உங்களுக்குத் தெரிஞ்ச முகத்தை வரையாதீங்க, கண்ணுக்குத் தெரியுற முகத்தை வரையுங்க” என்றார். இரண்டும் ஒரே ஆளுடையதுதானே என்று கேட்டேன். “அதான் சார் பாடமே” என்றார். இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முகங்களுக்கு நான் புதியவன் அல்ல. என் உத்தியோகம் முழுவதும் அடையாள அட்டை அலுவலகத்தில், புகைப்படம் சரிபார்க்கும் மேசையிலேயே கழிந்தது. சிரித்தால் தள்ளுபடி. தலை சாய்ந்தால் தள்ளுபடி. இரண்டு காதும் தெரியாவிட்டால், வந்திருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தள்ளுபடி. இப்படிப்பட்ட ஒருவனுடைய ஒரே மகளின் கல்யாண போட்டோவில், தாங்கள் கடைசி நொடியில் அரை அடி முன்னால் வந்து நின்றுவிட்டபடியால், தங்கள் தோளுக்குப் பின்னால் என்னுடையதாக ஒரு காது மட்டும் தெரிகிறது. அதையே பெரிதாக்கித் தாங்கள் கூடத்தில் மாட்டியும் விட்டீர்கள். நான் கேட்டபோது, “கூட்டத்துல கவனிக்கலை, விடுங்க சம்பந்தி” என்றீர்கள். நான் விடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. பேரன் பிறந்தும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தாங்கள் மாலை நடைக்குக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு நான் வந்து மணி அடிக்கிறேன். தங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் பின்கதவு வழியாக இறங்கிவிடுகிறேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரையும் என்னையும் பேரன் ஒரே இனத்தில் சேர்த்து வைத்திருப்பதாகச் சந்தேகப்படுகிறேன். பழைய கதையைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. காது விஷயம் மறுபடி வரும் என்பதால் சொல்லிவைத்தேன்.

படத்துக்கு வருகிறேன். வகுப்பில் பாடம் மட்டும்தான், வரைந்ததெல்லாம் எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால். மூக்குக்கண்ணாடி போட்டால் எதிரே நிலைக்கண்ணாடியில் என் முகம் தெரிகிறது, கையெட்டும் தூரத்தில் உள்ள கேன்வாஸ் தெரியவில்லை. கழற்றினால் கேன்வாஸ் தெரிகிறது, முகம் தெரியவில்லை. ஆகவே போட்டுக்கொண்டு பார்த்து, கழற்றிவிட்டு வரைந்து, நடுவில் உள்ள நேரத்தில் என் முகத்தை ஞாபகத்தில் சுமந்துகொண்டு போனேன். சுமக்கும்போது கொஞ்சம் சிந்தியிருக்கலாம். விதிப்படி காதுகளில் தொடங்கினேன். காது முடியவே இரண்டு வாரம் ஆயிற்று. “சார், முகம் எப்ப வரும்?” என்று டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். காதுகள் மட்டும் அற்புதமாக வந்தன என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகுதான் அக்ரிலிக் தன் குணத்தைக் காட்டியது. தட்டில் பிதுக்கிவைத்து, மூக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த வர்ணம் காய்ந்து பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. காயாமல் இருக்க அடிக்கடி தண்ணீர் பீய்ச்சச் சொன்னார் டீச்சர். இஸ்திரி போடும்போது என் மனைவி துணிக்குத் தெளிக்கும் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். பிரஷ் கழுவிய தண்ணீர் அதற்குள் எப்படிப் போனதென்று தெரியாது. என் வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் இப்போது தோல் நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் நான் சட்டை போடாமல் நடமாடுவதாகத் தெரிகிறதாம். இதைவிட மோசமான குணம், ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தால் அதைவிட இருட்டான நிறம். மூக்குக்குக் கீழே மெல்லியதாக ஒரு நிழல் வைத்துவிட்டு, மத்தியானம் கண் அயர்ந்து எழுந்து வந்தால், மீசை முளைத்திருக்கிறது! நான் வாழ்நாளில் மீசை வைத்தவன் இல்லை. அதை அழிக்க மேலே ஒரு பூச்சு, அது காய்ந்து இன்னும் அடர்த்தியாக, அதன்மேல் இன்னொன்று, கடைசியில் இரண்டு முனையும் மேல்நோக்கித் திரும்பிக்கொண்டன. என் தலை எவ்வளவு வெட்டவெளி என்பது தங்களுக்குத் தெரியும். பின்னணிக்குக் கரும்பழுப்பு அடிக்கும்போது பிரஷ் ஒரு பக்கமாக நெற்றிக்கு இறங்கிவிட்டது. துடைப்பதற்குள் காய்ந்தாயிற்று. ஒரு பக்கம் மட்டும் முடி இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதே என்று மறுபக்கமும் சேர்த்தேன். இதற்கு நடுவில் என் மனைவி சீப்போடு வந்து நிற்கிறாள்.

“ஏங்க, தலை வாரணும், தள்ளுங்க.”

“அசையாதே, அசையக்கூடாது!”

“யாரைச் சொல்றீங்க?”

“என்னைத்தான்.”

“உங்களை நீங்களே அதட்டிக்கிறதுக்கா நான் பணம் கட்டினேன்?”

முடித்துவிட்டு, படத்தை நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பழைய உத்தியோகக் கண்ணோடு பார்த்தேன். மனசாட்சியோடு சொல்கிறேன், இந்தப் படம் என் மேசைக்கு வந்திருந்தால் என் அட்டைக்குத் தள்ளுபடி செய்திருப்பேன். தங்கள் அட்டைக்கு மறுபேச்சின்றி அனுமதித்திருப்பேன். மேலே வெள்ளை அடித்துவிடலாம் என்று டியூபைத் திறந்த நேரத்தில் என் மனைவி எட்டிப் பார்த்தாள். சீப்பு கீழே விழுந்தது. “ஐயோ, நம்ம சம்பந்தி! அச்சு அசல்! இவ்வளவு பாசத்தை உள்ளே பூட்டி வெச்சுக்கிட்டா இத்தனை நாளா முகத்தைத் தூக்கிவெச்சிருந்தீங்க?” என்றவள் அழுதேவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதான் படமே சொல்லுதே” என்று என் வாயை அடைத்துவிட்டு, போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பி, மாப்பிள்ளையை வரவழைத்து, ஸ்கூட்டரில் ஏற்றியும் அனுப்பிவிட்டாள். என் முகம் தெருமுனையில் திரும்பி மறைவதை நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மகள் பேசினாள். “அப்பா, மாமா படத்தைச் சுவர்ல சாய்ச்சு வெச்சார்ப்பா. கிட்ட போய், காதையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் சுத்தியல் எங்கேன்னு கேட்டார். அப்பா, நீ இவ்வளவு நல்லவன்னு எனக்குத் தெரியாமப் போச்சேப்பா” என்று சிரிக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. இரண்டு அப்பாக்களுக்கு நடுவில் நின்று, யார் வரும்போது யாரை எந்தக் கதவு வழியாக அனுப்புவது என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வேறெப்படிச் சிரிப்பு வரும்? அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒருவர் முகத்தை இன்னொருவர் பெயரில் ஏற்பதற்கு எங்கள் அலுவலகத்தில் ஆள்மாறாட்டம் என்று பெயர். தாங்கள் காதைப் பார்த்துச் சந்தேகப்பட்டதே சரி. தங்கள் காது அடக்கமானது. படத்தில் இருப்பவை முழுக்க முழுக்க என் சொந்தக் காதுகள். முதல் தடவையாக என் முழு முகம் ஒரு சுவருக்குப் போகிறது, அதுவும் தங்கள் பெயரில் போகிறது என்றால் நான் என்ன செய்வது, சொல்லுங்கள். ஒரு முறை தங்கள் தோள் மறைத்தது. இந்த முறை தங்கள் மீசை மறைக்கிறது. யாரைக் குறை சொல்வதென்றே தெரியவில்லை. மீசையை வைத்தவன் நான்.

எனவே, தயவுசெய்து படத்தைத் திருப்பி அனுப்பிவிடவும். நாம் பழையபடி பேசாமலே இருக்கலாம். மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், எப்படி என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பேரனுக்கு, பின்கதவுத் தாத்தாவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் தகப்பன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகளிடமிருந்து மறுபடி போன். “மாமா உங்க மீசையை எப்படித் தத்ரூபமாப் போட்டிருக்கார் பாருங்கப்பா” என்று மாப்பிள்ளை சொன்னாராம். அதற்குத் தாங்கள், “இதுல நான் எங்கேடா இருக்கேன்? இது சம்பந்திடா! கல்யாணத்துலேர்ந்து தினம் அந்த ஒத்தைக் காதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? நான் மறைச்ச முகத்தை அவரே அனுப்பிவெச்சிருக்கார், சுத்தியலைத் தேடுடா முதல்ல” என்றீர்களாம். ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்காததாகக் கருதவும். ஆணியைக் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்திலேயே அடிக்கவும். ஆனால் ஒன்று, படத்தை இப்போது என் மனைவியின் போனில் இன்னொரு தடவை பார்த்தேன். உத்தியோக முறையில் சொல்வதானால், அது தாங்கள்தான், சந்தேகமே இல்லை. இதைப் பற்றி நேரில் விவாதிக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முன்வாசல் வழியாக. மீசை விட ஆரம்பித்திருக்கிறேன். அதற்குள் தேறாது. காதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளவும்.