லிஃப்டுக்குள் இருந்தவர்

இரவல் வாங்குகிறவர்களில் பல வகை உண்டு. புத்தகத்தை வாங்கிப்போய்த் தன் பெயரை எழுதிக்கொள்கிறவர், குடையை வாங்கிப்போய்ப் பேருந்தில் விட்டுவிட்டு மழையைத் திட்டுகிறவர் என்று நீங்களே நாலைந்து பேரைச் சொல்வீர்கள். அவர்கள் தெருமுனையில் தலைகாட்டியதுமே பொருளை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். ஆனால் அடுத்தவர் வாழ்க்கையில் நடந்ததை இரவல் வாங்குகிறவர் வந்தால் எதை எடுத்து உள்ளே வைப்பீர்கள்?

எங்கள் கண்ணாடிக்கடைக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். மூக்குக்கண்ணாடி போட வருகிறவர் எழுந்து ஓட முடியாது. முகவாயை ஒரு கருவியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் சின்னச் சின்ன எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் இவர் ஆரம்பிப்பார். "ஒரு தடவை என்ன ஆச்சு தெரியுமா?"

முறை எளிது. நீங்கள் உங்களுக்கு நடந்த ஒன்றை அவரிடம் சொல்கிறீர்கள். முதல் வருஷம் அது 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு' நடந்திருக்கும். இரண்டாம் வருஷம் 'எங்களுக்கு' நடந்திருக்கும். மூன்றாம் வருஷம், கண், காது, மூக்கெல்லாம் வைத்து, வியர்வையும் சேர்த்து, 'எனக்கு' நடந்ததாக உங்களிடமே சொல்வார். நீங்களும் "அடடா, அப்புறம்?" என்று கேட்பீர்கள். ஏன் கேட்கிறீர்கள்? அவர் சொல்கிற விதம் அப்படி. உங்களுக்கு நடந்தபோது அது இவ்வளவு நன்றாக நடக்கவில்லை.

பொய்யரா? சேச்சே. பொய்யருக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். இவருக்குத் தெரியாது. கல்யாணமாகி ஏழாம் வருஷம், பத்து வயதில் தப்பான ரயிலில் ஏறி யாருமில்லாத ஸ்டேஷனில் தனியாக இறங்கி அழுத கதையை விருந்தாளிகளுக்கு முன்னால் இவர் உருகி உருகிச் சொல்லி முடித்தபோது, அவர் மனைவி பாத்திரத்தை மூடிக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏங்க, அந்த ரெட்டை ஜடையும் அப்ப உங்களுக்குத்தான் இருந்துச்சா?"

அசடு வழிந்தது. அதோடு சரி. மறுவாரம் ஜடையை மட்டும் எடுத்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.

ஆனால் அவருடைய கதைகளுக்கெல்லாம் ராஜா, லிஃப்ட் கதைதான். ஒன்பது வயதில், அப்பா வேலை பார்த்த பழைய கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய், மின்சாரமும் போய், இரண்டு மணி நேரம் தனியாக மாட்டிக்கொண்ட கதை. எண்ணெய் வாடை, காலடியில் கிடந்த ஓர் ஒற்றைச் செருப்பு, தலைக்கு மேலே கதவிடுக்கில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கோடு வெளிச்சம். இதைக் கேட்டு அழாத வாடிக்கையாளர் இல்லை. அழுத கண்ணுக்குப் பவர் பார்க்க முடியாமல் மறுநாள் வரச்சொல்லி அனுப்பிய சம்பவங்களும் உண்டு.

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த அவருடைய ஒரே மகள் ஓவியம் படிக்கப் போனாள். முதல் கண்காட்சிக்கு அந்த லிஃப்டைத்தான் வரைந்தாள். ஆளுயரத் துணி முழுக்க இருட்டு. உச்சியில் ஒரு கோடு வெளிச்சம். கீழே ஒரு அட்டை: 'அப்பாவின் இரண்டு மணி நேரம்.'

"பெரியப்பாவும் வர்றேன்னுட்டார்ப்பா" என்றாள்.

குடித்துக்கொண்டிருந்த காப்பியை அவர் அப்படியே கீழே வைத்தார். ஏன்? அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. ஊரெல்லாம் சொன்ன அந்தக் கதையை அண்ணன் முன்னால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இன்னொன்றும் உறைத்தது. தான் தினமும் குஷியாக லிஃப்டில் ஏறி இறங்குகிற ஆள். முழங்கால் தேய்ந்துபோன அண்ணனோ, எத்தனை மாடியானாலும் படிக்கட்டில்தான் போவார். இதை இத்தனை வருஷமாக வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. தானே கவனிக்கவில்லையே!

வேறு யார் முன்னால் மானம் போனாலும் போகட்டும், மகள் முன்னால் போகலாமா? உடனே போனை எடுத்தார்.

"அண்ணா, மூணாவது மாடிண்ணா. உங்க முழங்காலுக்கு எதுக்கு? நான் போட்டோ அனுப்பறேன்."

"வர்றேன்" என்றார் அண்ணன். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் என்ஜினோடு மட்டும் பேசிப் பழகியவர். ஒரு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார்.

வந்தார். மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்க, படத்துக்கு முன்னால் நின்றார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கண்ணாடிக்கடைக்காரர் கைக்குட்டையால் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்படி இருக்கு பெரியப்பா?"

"அப்படியே இருக்கும்மா. அதே இருட்டுதான்." நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. அந்த வெளிச்சத்துல ஒரு கை இருக்கணும்."

"கையா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள இருந்தது நான்தானே."

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"ஆறு வயசு இவனுக்கு" என்றார் அண்ணன். அன்றைக்குத்தான் அவருக்கு வார்த்தை வந்தது. "மேல்மாடித் தரையில குப்புறப் படுத்துக்கிட்டு, இடுக்கு வழியா கைய விட்டான். ரெண்டு மணி நேரமும் நான் அந்தக் கையத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். பெரியவங்க வந்து எழுந்திருன்னாங்க, மாட்டேன்னுட்டான். உள்ள என்ன தெரியுது, என்ன வாடை வருது, காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். பேச்சு நின்னா நான் பயந்துருவேன்னு அவனுக்குத் தெரியும்."

பிறகு தம்பியிடம், "உனக்கு ஞாபகமில்லையாடா?" என்றார்.

ஞாபகமில்லை. எண்ணெய் வாடை ஞாபகம் இருந்தது. ஒற்றைச் செருப்பு ஞாபகம் இருந்தது. தன் கை மட்டும் ஞாபகமில்லை. அண்ணனுடைய பயத்தை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த மனுஷர், தன்னுடைய தைரியத்தைத் தொலைத்துவிட்டு நின்றார். அழுகை வந்தது. இந்த முறை வாடிக்கையாளருக்கு அல்ல, அவருக்கே.

மகள் அட்டையைக் கழற்றினாள். பேனாவை எடுத்து 'அப்பாவின்' என்பதை அடித்து 'பெரியப்பாவின்' என்று எழுதினாள். "கைய நாளைக்கு வரையறேன்ப்பா. நீங்க வந்து உட்காரணும்" என்றாள். கண்ணாடிக்கடைக்காரர் அன்று லிஃப்டில் இறங்கவில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக இறங்கினார்.

திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? போன வாரம் கடையில் அந்தக் கதையை மறுபடி கேட்டேன். இப்போது கதையில் அவர் லிஃப்டுக்குள்ளும் இருக்கிறார், வெளியிலிருந்து கையும் நீட்டுகிறார். வாடிக்கையாளர் அழுதுகொண்டிருந்தார். நான் குறுக்கே பேசவில்லை.

நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் சின்ன வயதுச் சாகசங்களில் ஒன்றை எடுத்து, வீட்டில் கூடப்பிறந்தவர்களிடம் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள். மாட்டீர்கள், தெரியும். அடுத்த மாதம் யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்வீர்கள். 'எனக்குத் தெரிஞ்ச கண்ணாடிக்கடைக்காரர் ஒருத்தர்' என்றுதான் ஆரம்பிப்பீர்கள். அடுத்த வருஷம் அவர் உங்கள் சித்தப்பா ஆகிவிடுவார். அதற்கடுத்த வருஷம், குப்புறப் படுத்த தரை எவ்வளவு சில்லென்று இருந்தது என்று எனக்கே சொல்வீர்கள்.