ஆல்ட் ஆமையும் டேப் மரங்கொத்தியும்

கம்ப்யூட்டரில் அடியில் கிடக்கும் ஒரு ஜன்னலை மேலே கொண்டுவர எத்தனை பேர் வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? ஒருத்தரே போதும் என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் இந்தக் காட்டுப் பக்கம் வந்ததே இல்லை என்று அர்த்தம்.

ஒரு காட்டில் பவளாயி என்றொரு மந்தி இருந்தாள். கைப்பிள்ளைக்காரி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அவள் குடியிருந்த இலவமரம் மட்டும் நிற்குமா? வேரோடு சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து பிள்ளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு புதரில்தான் படுக்கை. இப்போது ஐப்பசியும் பிறந்துவிட்டது. மேற்கே வானம் கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி கிடந்தது. பொழுது சாய்வதற்குள் தலைக்கு மேல் நாலு இலை இல்லையென்றால் பிள்ளை நனைந்துபோகும். அவளுக்கு வேறு கவலையே இல்லை, அது ஒன்றுதான்.

முன்னெல்லாம் அந்தக் காட்டில் ஏறினவர்களுக்குக் கிளை. இப்போது அப்படியெல்லாம் தாவி ஏறிவிட முடியாது. குகைக்குள் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, சடையாண்டி என்ற கரடியை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். கிளை வேண்டுமானால் அதில் மனு ஏற வேண்டும். குகைக்குள் கரண்ட் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், கேட்டால் கதை நின்றுவிடும். மவுஸ் ஒன்றும் கூடவே வந்ததாம். வந்த அன்றைக்கே காட்டுப்பூனை கவ்விக்கொண்டு போய்விட்டது. ஆகவே எல்லாம் கீபோர்டில்தான்.

காலையில் பவளாயி முதல் ஆளாகப் போய் நின்றாள். கரடியும் மூக்கால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கி அவள் மனுவை ஏற்றிவிட்டது. அதோடு விட்டிருந்தால் அப்போதே கிளையோடு திரும்பியிருப்பாள். அதற்குள் காட்டுப்பன்றி கிழங்குத் தகராறோடு வந்தது, அதற்கு ஒரு ஜன்னல் திறந்தது. மயில் ஆடுவதற்கு அனுமதி கேட்டது, அதற்கு ஒரு ஜன்னல். மானுக்கு ஒன்று. முயலுக்கு ஒன்று. கரடிக்கு ஜன்னலைத் திறக்கத் தெரியுமே தவிர மூடத் தெரியாது. பவளாயியின் மனு கல்யாண வீட்டில் முதலில் கழற்றிய செருப்பு மாதிரி எல்லாவற்றுக்கும் அடியில் போய்விட்டது.

அதை மேலே எடுத்துத் தாருங்கள் என்று பவளாயி பணிவாகக் கேட்டாள். எடுக்கலாம்தான், ஆனால் பொறுப்பாளர்கள் வர வேண்டுமே என்றது கரடி.

விஷயம் என்னவென்றால், அந்தக் குகையில் யாருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு கீயை அமுக்க வராது. குளம்பு வைத்தால் எட்டுக் கீ அமுங்கும், அலகு வைத்தால் ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு கீக்கும் ஒரு உத்தியோகம் போட்டுவிட்டார்கள். ஆல்ட் கீக்கு ஆமை. டேப் கீக்கு மரங்கொத்தி. ஜன்னல் படம் போட்ட கீயைப் பிடிக்க உடும்பு. அம்புக்குறிக்கு நண்டு. எல்லாம் நிரந்தர வேலை. ஆமை ஆல்ட்டைப் பிடித்துக்கொள்ள, மரங்கொத்தி டேப்பைத் தட்ட, ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் வரும். வேண்டிய ஜன்னல் வந்ததும் ஆமை காலை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

ஆமை குளத்திலிருந்து வந்து சேரவே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. வந்து, மூச்சு வாங்கி, காலை ஆல்ட் மேல் வைத்தது. மரங்கொத்தி டேப்பைத் தட்டியது. மரங்கொத்தி என்றைக்கு ஒரு தட்டோடு நிறுத்தியிருக்கிறது? டக டக டக டக என்று கொத்தியதில் ஜன்னல்கள் ராட்டினம் மாதிரி சுற்றின. பவளாயி தன் பெயரைப் பார்த்தாள். திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரர் முகம் தெரிந்து மறைகிற மாதிரி வந்தது, போய்விட்டது. அந்தச் சத்தத்தில் ஆமை மிரண்டு காலை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பன்றியின் கிழங்குத் தகராறு வந்து நின்றது.

மறுபடி வைத்தார்கள். மயில் வந்து நின்றது. இன்னொரு தடவை வைத்தார்கள். திரும்பவும் பன்றி.

ஆமைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, ஒரு கொத்தோட நிறுத்தினா உன் அலகு என்ன உதிர்ந்தா போயிடும்?"

"ஒரே கொத்துல மரத்தை விட்டுட்டு வர்ற வழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது," என்றது மரங்கொத்தி. "நீ ஒரு சத்தம் கேட்டா வீட்டுக்குள்ள ஓடுற ஆளு. உனக்கெல்லாம் எதுக்கு உத்தியோகம்?"

கரடி இருவரையும் உட்காரவைத்து ஒற்றுமையைப் பற்றிப் பேசியது. சேர்ந்து மேய்ந்த எருதுகளைச் சிங்கத்தால் ஒன்றும் செய்ய முடியாமல் போனதையும், பிரிந்து மேய்ந்ததும் ஒவ்வொன்றாகத் தின்றதையும் சொன்னது. கேட்டு ஆமை அழுதது. மரங்கொத்தியும் அழுதது. கூப்பிடாமலே உடும்பும் நண்டும் அழுதுகொண்டு ஓடி வந்தன. இனி எதைச் செய்தாலும் நால்வரும் சேர்ந்தே செய்வோம் என்று சத்தியம் பண்ணி, நால்வரும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் கீயில் விழுந்தார்கள்.

பிறகு யார் முதலில் விட்டது, யார் கடைசியில் பிடித்தது என்று தெரியாது. உடும்பு மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. மரங்கொத்தியும் டேப்பை விடவில்லை. திரையில் இருந்த ஜன்னல்கள் எல்லாம் சட்டென்று சுருங்கி, பாயில் காயப்போட்ட வடகம் மாதிரி வரிசையாகப் பரந்து கிடந்தன.

ஜன்னல்கள் ரொம்பத் தூரம் போய்விட்டன, அதனால்தான் சின்னதாகத் தெரிகின்றன என்றது கரடி. யாராவது போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நண்டை அனுப்பியது. நண்டு நேராகப் போகத் தெரியாமல் பக்கவாட்டில் குகையை விட்டே வெளியேறி, வழியில் மானைக் கண்டு, இந்தப் பக்கம் ஜன்னல் ஏதும் வந்ததா என்று விசாரித்துவிட்டுத் திரும்பியது. வரவில்லையாம்.

வெளியே இடி இடித்தது. குகை வாசலில் முதல் துளி விழுந்து மண்வாசனை கிளம்பியது. பிள்ளை தும்மியது.

பவளாயி அதுவரைக்கும் உத்தியோகஸ்தர்கள் பாடு, நாம் ஏன் குறுக்கே போக வேண்டும் என்றுதான் நின்றிருந்தாள். தும்மல் கேட்டதும் அந்த மரியாதை எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளை வயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் பாட்டுக்குக் கையை நீட்டினாள். கட்டை விரலை ஆல்ட்டில் வைத்து, நடுவிரலால் டேப்பைத் தட்டினாள். பன்றி. மயில். மான். முயல். பவளாயி. விரலை எடுத்தாள். மனு நின்றது. ஜன்னல் படம் போட்ட கீயோடு இடது அம்பை அமுக்கினாள், மனு இடப்பக்கம் பாதித் திரையில் போய் ஒட்டிக்கொண்டது. எந்தக் கிளை காலி என்று காட்டும் மரங்களின் படத்தைத் தேடி எடுத்து வலது அம்பால் அடுத்த பாதியில் நிறுத்தினாள். இரண்டும் மாமியாரும் மருமகளும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பலாமரம், தெற்குக் கிளை, அடர்ந்த இலை. என்டரைத் தட்டினாள். கிளை அவள் பெயரில் ஏறிவிட்டது.

கொட்டாவி விடக் கரடி திறந்த வாய் இன்னும் மூடவில்லை.

யாரும் கை தட்டவில்லை. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மரங்கொத்தி, தனக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருப்பதாக யாரும் கேட்காமலே சொன்னது. இந்தக் கீயைப் பிடித்துப் பிடித்து வேறு எதையும் பிடிக்கவே மறந்துவிட்டது என்று உடும்பு தேம்பியது. கரடி தொண்டையைச் செருமிக்கொண்டு, இது செல்லாது என்றது. நாலு பேர் அமுக்க வேண்டியதை ஒருத்தி அமுக்கியிருக்கிறாள், கிளையை ரத்து செய்தே ஆக வேண்டும்.

பவளாயி சிரித்த முகம் மாறாமல் கேட்டாள்.

"ரத்து பண்ணணும்னாலும் இவங்க நாலு பேரும் சேர்ந்துதானேய்யா அமுக்கணும். அது எப்ப முடியும்?"

கரடி ஆமையைப் பார்த்தது. ஆமை மரங்கொத்தியைப் பார்த்தது. மழை முடிந்து, பனி முடிந்து, பலா காய்த்துப் பழுத்தாலும் முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கரடி எழுந்து வந்து அவள் முன்னால் கை கூப்பியது. "தாயி, கிளை உனக்கே. நீ பண்ணினதை மட்டும் வெளியில சொல்லிடாதே. தெரிஞ்சா இவங்க நாலு பேரும் நடுக்காட்டுல நிப்பாங்க."

இப்போதும் நடுக்காட்டில்தானே நிற்கிறார்கள் என்று பவளாயி கேட்கவில்லை. கிளை கிடைத்த பிறகு எதற்கு வம்பு? கரடிக்கோ அவள் வாய் மேல் நம்பிக்கை இல்லை. வெளியில் விட்டால்தானே பேசுவாள், உள்ளே வைத்துக்கொண்டால்? உடனே ஸ்பேஸ் பாருக்கு ஒரு உத்தியோகம் போட்டு அவளை அதில் அமர்த்திவிட்டது. அந்தக் கீ நீளமாக இருப்பதைப் பார்த்து, பிள்ளையை அதில் படுக்கவைக்கலாமா என்று அவள் கேட்டாள். அதற்காகத்தான் அத்தனை நீளம் வைத்திருக்கிறார்கள் என்றது கரடி.

மழைக்காலம் முழுக்கப் பிள்ளை ராத்திரியில் பலா இலைக்கு அடியிலும் பகலில் ஸ்பேஸ் பார் மேலும் சுகமாகத் தூங்கியது. காட்டு மனுக்களில் பெயருக்கும் முகவரிக்கும் நடுவே ஒரு காத தூரம் இடைவெளி விழுந்தது. அதைக் கடந்து படித்து முடிக்க ஒருவரும் இல்லாததால் யாரும் குறை சொல்லவில்லை. பவளாயியும் உத்தியோகத்துக்கு நன்றாகப் பழகிவிட்டாள். பன்றியைப் பார்த்தால் நாளைக்கு வா என்று சொல்ல அவளுக்கு இப்போது யோசிக்கவே வேண்டியதில்லை.

மார்கழியில் ஒருநாள் ஒரு அணில் வந்தது. நிறைமாதம். கூடு கலைந்துபோய், ஒரு பொந்து கேட்டு மனுக் கொடுத்திருந்தது. அந்த மனுவும் அடியில் போய்விட்டது. ஆமை காலை வைத்தது, மரங்கொத்தி டக டக என்றது, ஆமை காலை இழுத்தது. பன்றி வந்து நின்றது. அணில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அதன் கண் கீபோர்டிலேயே நிலைத்தது. சின்னச் சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக மேசை விளிம்பில் ஏறின.

பவளாயி அதைக் கண்டுவிட்டாள். தூங்குகிற பிள்ளையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எழுந்து அணிலின் பக்கத்தில் போய், யார் காதிலும் விழாதபடி சொன்னாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கை ரெண்டையும் கொஞ்சம் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க."

நீதி: ஒரு கை தட்டினால் ஓசை வராது, இரண்டு கையும் தட்டினால் நாலு பேருக்கு வேலை போய்விடும்.