பாப்பரசர் தந்த தண்ணீர்

மறைந்த பாப்பரசர் ஒன்பது ஆண்டு நான்கு மாதம் அரசாண்டார். அவருடைய குலச்சின்னம் முள்ளம்பன்றி. பாலம், கோட்டை வாசல், தானியக் கிடங்கு, ஒரு குதிரைத் தொட்டி என்று ரோமாபுரியில் முந்நூற்று நாற்பத்தேழு முள்ளம்பன்றிகளை விட்டுச் சென்றார். அவற்றில் எண்பத்தொன்பது நான் செதுக்கியவை. அவர் நடத்திய போர்கள் மூன்று. கல்வெட்டுகளின்படி மூன்றிலும் வெற்றி.

எங்கள் தெரு நீரூற்றும் அவருடைய கொடைதான். ஆட்சியின் நான்காம் ஆண்டில் தொட்டியும் சுவரும் கட்டினார்கள். குழாய் வருவதற்கு முன்பே, உச்சியில் முள்ளம்பன்றியுடன் கல்வெட்டு வந்துவிட்டது: "தாகித்த மக்களுக்குத் தண்ணீர் தந்தருளினார்." கல் பெரிது, சுவர் சிறிது. நட்டநடுவில்தான் வைக்க முடிந்தது. ஈயம் காய்ச்சி ஊற்றிப் பதித்தேன்.

தண்ணீர் வரவில்லை.

சலவைக்காரி பெலெக்ரீனா ஆற்றுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து தண்ணீர் சுமந்தாள். அப்படிச் சுமந்த ஐந்தாம் ஆண்டில் இடுப்பு நிமிரவில்லை. நீர்க் காரியாலயத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். பாப்பரசர் தாடி வளர்த்த நாள்முதல் அங்கே பதினான்கு பேருக்கும் தாடி. பதினைந்தாமவருக்கு முளைக்கவில்லை, அவரை மாற்றிவிட்டார்கள்.

"ஐயா, தொட்டியில பல்லிதான் குடியிருக்கு. தண்ணி விடுங்க," என்றாள்.

அதிகாரி மெசர் தாதேயோ பதிவேட்டைப் புரட்டினார். "விட்டாச்சே! கல்வெட்டுல இருக்கே."

"கல்லுல இருக்கு ஐயா, தொட்டியில இல்லையே!"

"ஏம்மா, பாப்பரசர் பொய் சொல்றாருங்கறியா?"

"ஐயையோ, மாதா மேல சத்தியமா இல்ல! சுவரு மட்டும் எந்நேரமும் ஈரமா இருக்கு, பாசி கூடப் புடிச்சிருக்கு. ஏன்னு வந்து பாருங்களேன்."

"பளிங்குக்கு வியர்க்குது. அது பக்தி."

பிறகு முத்திரையிட்ட ஓலை ஒன்று வந்தது: "மனுதாரரின் தாகம் ஆதாரமற்றது."

அடுத்த மாதம் பாப்பரசர் காலமானார். புதியவரின் சின்னம் கொக்கு, முகம் மழித்திருந்தது. ஒரே காலையில் காரியாலயத்தின் பதினான்கு தாடிகளும் போயின. முள்ளம்பன்றிகளை அகற்றச் சொல்லி ஆணை பிறந்தது.

எங்கள் தெருக் கல்லை நானே பெயர்த்தேன். அது விழுந்ததும் பின்னாலிருந்த துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. குழாய்க்காரர்கள் ஐந்து ஆண்டுக்கு முன்பே குழாயை இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குழாய்க்குத் தனிப் பதிவேடு, கல்லுக்குத் தனிப் பதிவேடு.

தெருவே கூத்தாடியது. பெலெக்ரீனா இரண்டு வாளியும் நிரப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் மேஸ்திரி, அஞ்சு வருசமா தண்ணிய அடைச்சு வச்ச மகராசன் நீதானா?"

"நான் அளவுப்படிதாம்மா வச்சேன்," என்றேன்.

நான்காம் நாள் மெசர் தாதேயோ மாட்டுவண்டியில் புதுப் பளிங்குடன் வந்தார். மேலே கொக்கு. கீழே, "முன்னவர் தராத தண்ணீரைத் தந்தருளினார்."

"எங்க பதிக்கணும் ஐயா?"

"பழசு இருந்த எடத்துலதான். அதுதானே முறை."

"அங்க துளை இருக்குங்களே..." தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினேன்.

"துளைன்னு கல்வெட்டுல இருக்கா?" கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஜனங்களே! இனிமே இந்தத் தெருவுல தண்ணி இல்லைன்னு எவனும் சொல்ல முடியாது!"

கைதட்டல் காதைப் பிளந்தது. "பக்கத்துத் தெருக் கல்லைவிட நம்மது ரெண்டு சாண் அகலம்டா!" என்றான் ரொட்டிக்காரன். பெலெக்ரீனா வாளிகளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மேஸ்திரி, கொக்கு இடப்பக்கம் சாஞ்சிருக்கு. நேரா வையி!"

நேராக வைத்தேன். போன தடவை சுவர் ஈரமாக இருந்தது எனக்கு உள்ளூர அவமானம். அதனால் இந்தத் தடவை ஈயத்தை இரட்டிப்பாக ஊற்றினேன்.

இப்போது ஒரு சொட்டுக்கூட ஒழுகுவதில்லை.