ரத்தம் எத்தனை அணா?

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் எந்த உயிரையும் இரண்டாகப் பங்கு போடாமல் விட்டதில்லை அணா அண்ணாத்தே. ஆடு கொழுத்தாலும் நாய் குரைத்தாலும் ஒரே கேள்விதான்: "இது ரத்தத்துல எத்தினி அணா, வளர்ப்புல எத்தினி அணா?" ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கை ஊரே மறந்தும் அவர் விடவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் வழுக்கையை உற்றுப் பார்த்து, "பதினாலணா அப்பனோடது, ரெண்டணா ஹெல்மெட்" என்றார். காபி வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள்.

என்னையும் விடவில்லை. "உன் கூச்சத்துல பன்னண்டணா உங்க நைனா குட்த்தது. மீதி நாலணா உன் கைல கீது. அத்த வெச்சிக்கினு வாயத் தொற!"

எல்லாம் மாடியில் வளர்த்த புறாக்களால் வந்த கணக்கு. ராணி என்ற பெட்டையை எவ்வளவு தூரத்தில் விட்டாலும் நேராகக் கூண்டுக்கு வந்துவிடும். சோம்பேறி என்ற இன்னொன்று தண்ணீர்த் தொட்டியைத் தாண்டாது. வீடு திரும்பும் திறமை ரத்தமா, வளர்ப்பா? இரண்டும் சேர்ந்தாற்போல் முட்டையிட்டபோது, முட்டைகளைக் கூடு மாற்றி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, மகனுக்கு மாடியில் அறை கட்டக் கூண்டுக்குப் பக்கத்திலேயே செங்கல் வந்து இறங்கியது. அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தக் குஞ்சுங்களோட உன் கணக்கு முடியணும். அப்பால கூண்டு காலி."

"முடிச்சிக் காட்றேன் பாரு!"

குஞ்சுகள் தேறியதும் மகன் பூந்தமல்லிக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டான். தெருவே மாடியில் நின்றது. முதலில் வந்து இறங்கியது ராணி வளர்த்த குஞ்சு.

அண்ணாத்தே குதித்தார். "சோம்பேறி போட்ட முட்டடா இது! ராணி வளர்த்ததால வந்துகீது. ரத்தம் ரெண்டணா கூட இல்ல!"

அண்ணி மெல்லச் சொன்னார்: "அது ராணி முட்டதான்யா. பெத்தவ ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கமான்னு மனசு கேக்கல. நீ மாத்தி வெச்ச அன்னிக்கே திருப்பி வெச்சிட்டேன்."

"இன்னா அண்ணாத்தே, இப்ப எத்தினி அணா?" என்று எதிர்வீட்டுக்காரர் சீண்ட, தெரு சிரித்தது.

அண்ணாத்தே செங்கல் மேல் உட்கார்ந்தார். பெற்றதும் ராணி, வளர்த்ததும் ராணி என்றால் எதிலிருந்து எதைப் பிரிப்பது? சட்டென்று எழுந்தார்.

"கணக்கக் கெடுத்தது நீ. அப்ப கணக்கு முடியல. கணக்கு முடியாம கூண்டு காலி ஆவாது. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்!"

சொன்ன சொல்லில் தானே மாட்டிக்கொண்ட அண்ணி, "இன்னாவோ பண்ணித் தொல" என்று கீழே இறங்கினார்.

செங்கல் இன்னும் அப்படியே கிடக்கிறது. புறாக்கள்தான் அதன் மேல் உட்காருகின்றன. கூண்டுப் பக்கம் அண்ணிக்கு அனுமதி இல்லை. குஞ்சு பறக்கவிடும் நாளில் நான் என் மாடியில் நின்று, தெருவே கேட்கும்படி, "வந்துச்சா அண்ணாத்தே?" என்று கத்துகிறேன்.

அந்த நாலணாவை வேறெங்கும் நான் செலவழித்ததில்லை.