மூன்று நாட்டு நாற்காலி

"ஒரே ஒரு நாற்காலி சார். எனக்குக்கூட இல்ல, என் முட்டிக்கு."

துணி ஆலையின் கட்டிங் மாஸ்டர் இப்படிக் கேட்டது அந்த மாதத்தில் நான்காவது தடவை. காலை எட்டு மணிக்கு வெட்டு மேசை முன்னால் நின்றாரென்றால் மாலை ஆறுக்குத்தான் நகர்வார். நடுவில் இரண்டு டீ. அதையும் நின்றபடியே குடிக்க வேண்டும். அந்தப் பிரிவில் இருந்த நாற்பது பேருக்கும் இதே கதிதான்.

"உங்க முட்டிக்குக் குடுத்தா நாளைக்கு ஒருத்தர் இடுப்பத் தூக்கிட்டு வருவார்" என்றார் மேனேஜர்.

"தெக்கே எல்லைக்கு அந்தப் பக்கம் என் மச்சினன் இதே வேலதான் சார் பாக்கறான். அங்க ஆளுக்கொரு நாற்காலியாம். சாஞ்சுக்கவும் செய்யலாமாம். நேத்துகூடப் போன்ல சொன்னான்."

"வாயால சொன்னா முதலாளி நம்பமாட்டார். சுத்தியிருக்கிற மூணு நாட்டுலயும் நெலவரம் எப்படி, எத்தன பேர் வேலைக்கு வர்றாங்க, எத்தன பேர் விட்டுட்டு ஓடறாங்கன்னு அட்டவணையாப் போட்டுக் குடுங்க. பாக்கலாம்."

அன்று மாலையே மாஸ்டர் கட்டம் போட்ட தாளில் ஸ்கேல் வைத்து அட்டவணை போட்டார். தெற்கு நாட்டுக்கு மச்சினன் சொன்னதை எழுதினார்: நாற்காலி உண்டு, டீ இரண்டு. வடக்கிலும் கிழக்கிலும் அவருக்கு ஒரு ஈ காக்காயைக்கூடத் தெரியாது.

"தெரியாததுக்குக் கோடு போட்டு விட்ருங்க" என்றாள் மனைவி.

"கோடு போட்டா அரைகுறை வேலைம்பாங்க."

எல்லா இடத்திலும் சொர்க்கம் என்று எழுதினால் சந்தேகம் வரும். அதனால் அந்த இரண்டு நாடுகளுக்கும் நியாயமாக, நாற்காலி இல்லை, டீ ஒன்று என்று நிரப்பினார்.

மறுநாள் மேனேஜர் சிரித்த முகத்தோடு வந்தார். "முதலாளிக்கு உங்க அட்டவணை ரொம்பப் புடிச்சுப்போச்சு மாஸ்டர். உடனே மூணு நாட்டுக்கும் சராசரி எடுத்துட்டார். நாற்காலி ஆளுக்கு மூணுல ஒரு பங்கு வருது. முழு எண்ணாக்கினா பூஜ்யம்."

"அப்ப டீ?"

"ஒண்ணேகாலுக்குக் கொஞ்சம் மேல. முழு எண்ணாக்கினா ஒண்ணு. நாளையிலேர்ந்து ஒரு டீதான்."

துணி மடிக்கும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "ஏன் மாஸ்டர், நீங்க நாற்காலி கேக்கப் போனீங்களா, எங்க டீயத் தாரை வாக்கப் போனீங்களா?"

பிரிவில் மூன்று நாள் அவரோடு யாரும் பேசவில்லை. நான்காம் நாள் மாஸ்டர் "திருத்திய அட்டவணை" என்று தலைப்பிட்டு இன்னொன்று கொண்டுபோனார். இதில் மூன்று நாட்டிலும் நாற்காலி, மூன்று நாட்டிலும் மூன்று டீ. ஒரு ஆள்கூட வேலையை விட்டுப் போவதில்லை. சேருவதற்குத்தான் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள்.

"நிக்கறாங்களா? அவங்களுக்கு மட்டும் நாற்காலி கெடயாதா?" என்றார் மேனேஜர்.

தாள் முதலாளி அறைக்குப் போனது. மேனேஜர் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒரே வாரத்துல மூணு நாடு எப்படி மாஸ்டர் இப்படி முன்னேறிச்சு? உங்க மச்சினன் ஆலைக்கு முதலாளி லெட்டர் போட்டுட்டார். வெள்ளிக்கிழம நானே நேர்ல போயி பாக்கறேன். அங்க நாற்காலி இருந்தா உங்களுக்கும் உண்டு. இல்லேன்னா உங்க வீட்டு நாற்காலில நிரந்தரமா உக்காந்துக்கலாம்."

மாஸ்டர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் போட்டார்.

"மாப்ள, எங்க மேனேஜர் உங்க நாற்காலியப் பாக்க வர்றார்டா."

"எந்த நாற்காலி மாமா? இங்க நின்னு நின்னு எனக்கு ரெண்டு காலும் வீங்கிக் கெடக்கு."

"அடப்பாவி! பின்ன ஏன்டா அப்படிச் சொன்ன?"

"அக்கா பக்கத்துல இருந்தாங்களே. தம்பி கஷ்டப்படறான்னு தெரிஞ்சா அழுவாங்க. இன்னொண்ணும் இருக்கு மாமா, கோச்சுக்காதீங்க. உங்க ஆலைல நாப்பது பேருக்கும் நாற்காலின்னு எங்க முதலாளிகிட்ட அளந்து விட்டுட்டேன். எங்க சூப்பர்வைசர் வியாழக்கிழம அங்க வர்றார்."

மாஸ்டர் போனை வைத்தார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"நம்ம வீட்ல இருக்கறதே ஒரு நாற்காலி. அதுக்கும் ஒரு கால் ஆடுது" என்றாள்.

வியாழக்கிழமை காலை, கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற முடிவோடுதான் மாஸ்டர் ஆலைக்குள் நுழைந்தார். வெட்டுப் பிரிவில் நாற்பது நாற்காலிகள் பளபளத்தன. எல்லாம் முதுகு வைத்தவை. துணி மடிக்கும் அக்கா ஒன்றில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "உக்காருங்க மாஸ்டர், உக்காருங்க! நம்ம நாற்காலிய உங்க மச்சினனோட முதலாளி அப்படிப் புகழ்ந்து லெட்டர் எழுதியிருக்கார். இல்லேன்னு எந்த முகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது? மானம் போயிடாது?"

மாஸ்டர் உட்கார்ந்தார். மூன்று மாதமாகப் புலம்பிய முட்டி ஒருவழியாக வாயை மூடியது. வந்த சூப்பர்வைசர் நாற்காலிகளை எண்ணினார், ஒன்றில் உட்கார்ந்தும் பார்த்தார், நோட்டில் குறித்துக்கொண்டார், போய்விட்டார். இனி மச்சினனுக்கும் நாற்காலி வந்துவிடும் என்று மாஸ்டருக்கு மனசு நிறைந்துபோனது.

ஆறு மணிக்கு லாரி டிரைவர் ஒருவர் வந்து நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். மாஸ்டர் தன்னுடையதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் எந்திரிங்கண்ணே" என்றார் டிரைவர். "வாடகைச் சாமான். இதே நாப்பதையும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆலைல கொண்டுபோய் போடணும். நாளைக்கு அங்க யாரோ மேனேஜர் பாக்க வர்றாராம்."